மறு: லீன், கைசன் – ‘தொடர்திருத்தம்’ என்று சொல்லலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

லீன் (ஆலையில் வீணைக் குறைத்து உற்பத்தி செய்யும் டொயோட்டா முறை), கைசன் (வேலையைச் சிறிது சிறிதாகத் தொடர்ந்து சரிசெய்துகொண்டே போவது, ஆங்கிலத்தில் கன்டினியூவஸ் இம்ப்ரூவ்மென்ட்), அதற்கான கல்ச்சர் ஆகிய மூன்றுக்கும் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழை நீண்டுவிட்டது, நல்லதுதான். ஆனால் மூன்று கருத்துகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. பிரித்து எடுத்துக்கொள்கிறேன்.

> லீனுக்கு ‘மெலிவு உற்பத்தி’ போதும். சுருக்கமாக இருக்கிறது.

இதை நான் ஏற்கவில்லை. ‘மெலிவு’ என்று அறிவிப்புப் பலகையில் எழுதினால், ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்றுதான் ஷாப் ஃப்ளோரில் படிப்பார்கள். தன் யோசனையால் பக்கத்தில் நிற்பவருக்கு வேலை போகும் என்ற பயம் வந்த இடத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ‘லீன்’ என்ற பெயரே வெளியிலிருந்து வந்தது. டொயோட்டாவின் முறையை ஆராய்ந்த ஜான் கிராஃப்சிக் 1988இல் ஒரு கட்டுரையில் வைத்த பெயர் அது. அந்த முறையை வளர்த்த தாய்ச்சி ஓனோ பேசியது ‘முடா’வைப் பற்றி, அதாவது வீணைப் பற்றி. தேவைக்கு மேல் செய்வது, காத்திருப்பது, பொருளை இங்கும் அங்கும் கொண்டுபோவது, வேண்டாத வேலையைச் சேர்ப்பது, சரக்கைக் குவித்து வைப்பது, வீண் நடை, பழுதான பொருள் என்று ஏழாகப் பிரித்தார். இதில் தேவைக்கு மேல் செய்வதுதான் மோசம், மற்ற ஆறையும் அதுவே மறைத்துவிடும் என்பது அவர் கருத்து.

ஆகவே ‘வீண்களைவு உற்பத்தி’ என்கிறேன். களைதல் என்ற வினையும் களை என்ற பெயரும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. வயலில் ஒரு தடவை களை எடுத்துவிட்டு அறுவடை வரை சும்மா இருக்க முடியாது, ஆலையிலும் அப்படித்தான். ‘முரா’ (சீரின்மை), ‘முரி’ (மிகைச்சுமை) இரண்டும் இதில் அடங்கவில்லையே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் ‘லீன்’ என்ற சொல்லிலும் அவை அடங்கவில்லை. அடைப்பில் நான் எழுதியிருப்பது போல இரண்டுக்கும் தனிப்பெயர் கொடுத்துவிட்டால் போதும்.

> கன்டினியூவஸ் இம்ப்ரூவ்மென்ட் = தொடர் மேம்பாடு. ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, ஏன் மாற்ற வேண்டும்?

புழக்கம் அறிக்கையில்தான் இருக்கிறது. ‘மேம்பாடு’ என்றாலே துறை, திட்டம், நிதி ஒதுக்கீடு நினைவுக்கு வருகிறது. மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குச் செய்வது என்ற வாடை அதில் உண்டு. கைசன் நேர் எதிரானது. வேலை செய்பவரே தன் வேலையை மாற்றுவது. பெட்டியை அரை அடி நகர்த்தினால் குனிய வேண்டாம், ஸ்பேனரை ஆணியில் மாட்டினால் தேட வேண்டாம். இவ்வளவு சின்ன விஷயத்தை ‘மேம்பாடு’ என்று சொல்ல அவருக்கே கூச்சமாக இருக்கும்.

‘திருத்தம்’ என்றால் கூச்சம் இல்லை. காடு திருத்திக் கழனி ஆக்கினோம் என்கிறோம், ‘செய்வன திருந்தச் செய்’ என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ‘இந்த ஃபிக்ஸ்ச்சர்ல ஒரு திருத்தம் பண்ணோம்’ என்று ஒரு ஆபரேட்டர் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எண்ணவும் முடிகிறது: ஒரு திருத்தம், பத்துத் திருத்தங்கள்.

இதற்கு வந்த வலுவான மறுப்பு, திருத்தம் என்றால் தப்பு செய்தவரைச் சுட்டுவது போல இருக்கிறது என்பது. விடைத்தாளும் சிவப்பு மையும் ஞாபகத்துக்கு வருவதை நான் மறுக்கவில்லை. அதனால், முதன்முறை சொல்லும்போது ‘வேலைத்திருத்தம்’ என்று முழுசாகச் சொல்லலாம். திருந்துவது வேலை, ஆள் இல்லை என்பது தெளிவாகிவிடும். ‘படித்திருத்தம்’ (படிப்படியான திருத்தம்) என்ற பரிந்துரை பொருளில் அழகு, ஆனால் பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பது போலக் கேட்கிறது. அதை விட்டுவிடலாம்.

சரி, மூன்றாவது ‘கல்ச்சர்’. இங்கே ‘பண்பாடு’, ‘கலாச்சாரம்’ இரண்டும் எனக்கு உறுத்துகின்றன. ‘வழக்கம்’ என்கிறேன், காரணம் சொல்கிறேன்.

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடிய ஆலையை, 1984இல் டொயோட்டாவோடு சேர்ந்து ‘நம்மி’ என்ற பெயரில் திறந்தார்கள். பழைய தொழிலாளர்களையே பெரும்பாலும் திரும்ப எடுத்தார்கள். லைன் (கார்களை வரிசையாக நகர்த்திப் பூட்டும் தொடர்) எந்தக் காரணத்துக்கும் நிற்கக் கூடாது என்பது அந்த ஆலையின் பழைய விதி. நம்மியில் தலைக்கு மேல் கயிறு. சந்தேகம் வந்தால் எவரும் இழுக்கலாம், இழுத்தவுடன் குழுத்தலைவர் உதவிக்கு வருவார், சிக்கல் தீராவிட்டால் லைன் நிற்கும். அதே ஆட்கள், அதே ஊர், கொஞ்ச காலத்திலேயே தரம் ஜப்பான் ஆலைகளுக்கு அருகில் வந்துவிட்டது. அப்புறம் அதே மாநிலத்தின் வான் நைஸ் ஆலையில் ஜெனரல் மோட்டார்ஸ் இதைச் செய்து பார்த்தது, வேரூன்றவில்லை. கயிறு கட்டுவது எளிது. லைன் நின்ற நிமிடத்தில் மேலாளர் கத்தாமல் இருப்பதுதான் கடினம், அது அறிவிப்பால் வருவதில்லை. நாள்தோறும் செய்து செய்து வருவதற்குத் தமிழில் வழக்கம் என்றுதான் பெயர்.

நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் ஆளுக்கு மாதம் இத்தனை கைசன் என்று கணக்கு வைத்தார்கள். மாதக் கடைசியில் பழைய ஷீட்டையே தேதி மாற்றிக் கொடுப்பார்கள். எழுதிக் கொடுத்தவருக்குப் பதில் போகாது, பெட்டிக்குள் போனது பெட்டியிலேயே இருக்கும். அங்கே சுவர் முழுக்க ‘தொடர் மேம்பாட்டுக் கலாச்சாரம்’ என்று எழுதியிருந்தது. டொயோட்டாவிலும் யோசனைத் திட்டம் உண்டு, 1951இலிருந்து நடக்கிறது. யோசனைக்குப் பதில் சொல்வதும், நல்லது என்றால் உடனே செய்து பார்ப்பதும், சரியாக வந்தால் வகுத்த முறையையே மாற்றி எழுதுவதும் அங்கே மேற்பார்வையாளரின் வேலையில் சேர்ந்தவை. மாற்றி எழுதாவிட்டால் அடுத்த ஷிஃப்ட் பழையபடிதான் செய்யும்.

‘கைசன்’ என்ற சொல்லையே துரத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சென்னைப் பாடியின் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்துக்கு 1998இலும் டிவிஎஸ் மோட்டாருக்கு 2002இலும், தர மேலாண்மைக்காக ஜப்பானில் வழங்கும் டெமிங் பரிசு கிடைத்த ஊர் நம்முடையது. ஓசூரிலும் ஒரகடத்திலும் கைசன் தமிழ்ச்சொல் போலவே புழங்குகிறது. பேச்சில் கைசன் இருக்கட்டும். பாடநூலுக்கும் பயிற்சிக் கையேட்டுக்கும் ‘தொடர்திருத்த வழக்கம்’.

ஒரு வேண்டுகோள். விக்சனரியில் ஏற்றுவதற்கு முன், ஆலையில் வேலை பார்க்கும் உறுப்பினர்கள் விளக்கம் எதுவும் சொல்லாமல் ‘தொடர்திருத்தம்’ என்று எழுதிக் காட்டி, என்ன புரிகிறது என்று உடன் வேலை செய்பவர்களிடம் கேட்டு இங்கே எழுதுங்கள். ‘கெம்பா’வுக்கு (வேலை நடக்கும் இடத்தைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்) ‘களம்’ என்றவர், ‘களத்துக்குப் போய்ப் பார்த்தல்’ என்பதையும் கூடவே கேட்டுப் பார்க்கலாம்.