தினமும் 32 கிலோமீட்டர்: கியர் சைக்கிளா, சாதா சைக்கிளா?

நாவலூர்க்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். நாவலூரில் வீடு. இத்தனை நாள் சிறுசேரி சிப்காட்டில் வேலை, பழைய டபுள் பார் சைக்கிளே போதுமாக இருந்தது. அடுத்த மாதம் அலுவலகம் தரமணிக்கு மாறுகிறது. ஓஎம்ஆரில் (சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை) நேராகப் போனால் ஒரு வழிக்கு 16 கிலோமீட்டர் வரும். பைக் வாங்க மனமில்லை, சைக்கிளை விடுவதாகவும் இல்லை. ரூ. 25,000 வரை செலவு செய்யலாம். லேப்டாப், சாப்பாட்டு டப்பா, மாற்றுச் சட்டை எல்லாம் கூட வரும். கடையில் முன்பக்கம் ஷாக் அப்சார்பர், தடித்த டயர், 21 கியர் என்று ஒரு எம்டிபியை (மலைப்பாதை சைக்கிள்) காட்டி, "மெட்ரோ வேலை நடக்கிற ரோட்டுக்கு இதுதான் சார் சரி" என்கிறார்கள். வாங்கலாமா?

பெடல்பிரியை:
வேண்டாம். அந்த விலையில் வரும் ஷாக் என்பது இரும்புக் குழாய்க்குள் ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். அதற்கே இரண்டு கிலோவுக்கு மேல் எடை. நீங்கள் எழுந்து நின்று மிதிக்கும்போதெல்லாம் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் அமுங்கி எழும், உங்கள் பலத்தில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். ஒரு மழைக்காலம் போனால் துரு ஏறி இறுகிக்கொள்ளும், அப்புறம் வெறும் சுமை. மொட்டு மொட்டாக இருக்கும் டயர் மண் பாதைக்குச் செய்தது. தார் ரோட்டில் உறுமிக்கொண்டே இழுக்கும்.

ஹைபிரிட் பாருங்கள், ரோட்டு சைக்கிளும் எம்டிபியும் கலந்த வகை. 700சி என்ற அளவில் சக்கரம், 35 அல்லது 38 மில்லிமீட்டர் டயர், ஷாக் இல்லாத நேர் ஃபோர்க். எடை 13, 14 கிலோவுக்குள் அடங்கும். பள்ளத்தின் அதிர்ச்சியை டயரில் இருக்கும் காற்றே வாங்கிக்கொள்ளும். காற்றழுத்தம் 60 பிஎஸ்ஐ போதும். 75, 80 என்று கல்லாக ஏற்றினால் மணிக்கட்டு வலிக்கும்.

பழைய பெடல்:
ஷாக் வேண்டாம் என்பது சரி. ஆனால் ஹைபிரிட் எதற்கு? நாவலூரிலிருந்து தரமணி வரை ஏற்றம் என்று சொல்ல என்ன இருக்கிறது? கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதா சைக்கிளில் முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் 18 பல், 28 இஞ்ச் சக்கரம். பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 5.4 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று நிதானமாக மிதித்தாலே மணிக்கு 19 கிலோமீட்டர். ஓஎம்ஆர் சிக்னல்களுக்கு நடுவில் இதைவிட வேகமாகப் போய் என்ன ஆகப் போகிறது?

புதிதாக நல்ல ரோட்ஸ்டர் (அந்தச் சாதா சைக்கிள்தான்) ஒன்று ரூ. 10,000-க்குள் முடியும். மக்காடு, கேரியர், செயின் கவர், ஸ்டாண்டு எல்லாம் அதிலேயே வரும். ஹைபிரிட்டில் ஒவ்வொன்றையும் தனிக் காசு கொடுத்து மாட்ட வேண்டும். பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்றாமலே டியூபை ஒரு பக்கம் உருவி ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். காரப்பாக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருப்பவருக்கு உங்கள் 700சி டியூபைக் காட்டினால் அவரிடம் அது இருக்காது.

பெடல்பிரியை:
ஐயா, உங்கள் கணக்கில் காற்று வரவில்லை. அவர் காலையில் வடக்கே போகிறார், மாலையில் தெற்கே திரும்புகிறார். கோடையில் சாயங்காலம் ஆறு மணிக்குக் கடல்காற்று தென்கிழக்கிலிருந்து வரும், கிட்டத்தட்ட முகத்துக்கு நேராக. மணிக்கு 18 கிலோமீட்டரில் போகிறவருக்கு எதிரே 15 கிலோமீட்டர் காற்று அடித்தால், உடம்பில் மோதுவது 33 கிலோமீட்டர் காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அதாவது மூன்று மடங்குக்கு மேல். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, 20 கிலோ வண்டியில் அதே 44-க்கு 18-ல் சோழிங்கநல்லூரைத் தாண்டி மிதித்தால் பாரம் முழுக்க முட்டியில்தான் இறங்கும்.

கியர் ஏற்றத்துக்கு மட்டும் இல்லை. முன்னால் 38 பல், பின்னால் 20 பல் போட்டால் ஒரு சுற்றுக்கு 4 மீட்டர்தான். கால் வேகம் குறையாமல், முட்டியை வருத்தாமல் மெதுவாகப் போகலாம். சிறுசேரிக்கு இருந்த நாலைந்து கிலோமீட்டரில் இது தெரியாது. 16-ல் தினமும் தெரியும்.

அப்புறம் பிரேக். ரோட்ஸ்டரில் இரும்பு ரிம், முலாம் பூசியது. அது நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். செம்மஞ்சேரி பக்கம் மழைத் தண்ணீரில் இறங்கி ஏறியவுடன், முன்னால் போகும் ஷேர் ஆட்டோ சட்டென்று நின்றால் என்ன செய்வது? அலுமினிய ரிம்மில் வி-பிரேக் (ரிம்மை இரண்டு பக்கமும் நீளக் கைகளால் அழுத்தும் வகை) நிற்கிற நிற்பே வேறு.

பழைய பெடல்:
பிரேக் விஷயத்தில் நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். முட்டி விஷயத்தில் மறுப்பேன். முட்டி போவது பெரும்பாலும் சீட் தாழ்வாக இருப்பதால். குதிகாலைப் பெடலில் வைத்து, அது கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அந்த உயரத்துக்கு சீட்டை ஏற்றுங்கள். நம் ஊரில் பாதிப் பேர் ஒரு கால் தரையில் ஊன்றுகிற உயரத்தில் சீட்டை வைத்துக்கொண்டு, வண்டி பாரமாக இருக்கிறது என்கிறார்கள்.

கியரின் தொல்லையையும் சொல்லுங்கள். அலுவலக ஸ்டாண்டில் பக்கத்து பைக்கை இழுக்கிறவர் உங்கள் சைக்கிளை வலதுபக்கம் சாய்த்துவிட்டால் போதும், பின்னால் கியரை மாற்றும் டிரெயிலியர் தொங்கும் கொக்கி (ஹேங்கர்) வளைந்துவிடும். அன்றிலிருந்து கியர் தானாக ஏறும், இறங்கும். மெட்ரோ வேலை நடக்கும் ரோட்டுச் சேறு திறந்த செயினில் அப்பிக்கொண்டு, உப்புக்காற்றும் சேர்ந்தால், துடைத்து எண்ணெய் போடாத ஒரு வாரத்தில் செயின் கத்த ஆரம்பிக்கும். செயின் கவருக்குள் இருக்கும் செயின் மாதக்கணக்கில் தாங்கும். தினமும் ஓடியாக வேண்டிய வண்டிக்கு எது முக்கியம்?

பேட்டரி வண்டி:
இ-சைக்கிளை யாருமே சொல்லவில்லையே! மோட்டார் 250 வாட்டுக்குக் கீழே, வேகம் 25 கிலோமீட்டருக்குக் கீழே என்றால் லைசென்ஸ், பதிவு எதுவும் வேண்டாம். எதிர்க்காற்றும் ஒரு பொருட்டில்லை, வியர்வையும் இல்லை. இன்னும் கொஞ்சம் காசு சேர்த்தால் நல்ல வண்டியே கிடைக்கும்.

பெடல்பிரியை:
மோட்டார் மட்டும் போதும் என்பவருக்குச் சரி. ஆனால் 30, 35 கிலோமீட்டர் போகும் என்று அட்டையில் போட்டிருப்பது புது பேட்டரிக்கு. இரண்டு வருடம் ஆனபின், எதிர்க்காற்றில், அலுவலகத்தில் சார்ஜ் போட மறந்த நாளில், துரைப்பாக்கத்திலேயே நின்றுவிட்டால் 20 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியை மிதித்துக்கொண்டு வீடு வர வேண்டும். அவர் சைக்கிள் கேட்டார்.

பேட்டரி வண்டி:
அலுவலகத்தில் பிளக் பாயிண்ட் இருந்தால் அந்தப் பயமே இல்லை. வியர்வையில் நனைந்துபோய் மீட்டிங்கில் உட்காருவதை நீங்கள் சாதாரணமாக எண்ணுகிறீர்கள். மே மாத வெயிலை நினைத்துப் பாருங்கள்.

ரிப்பேர் கடை:
நான் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

16 கிலோமீட்டருக்கு நானும் ஹைபிரிட்தான் சொல்வேன். ஆனால் எந்த ஹைபிரிட் என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். பின் அச்சுக்குப் பக்கத்தில் ஃபிரேமில் கேரியர் மாட்டத் திருகு துளை இருக்கிறதா? மக்காடுக்குத் தனித் துளை, டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே இடம்? இவை இல்லாத வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள். லேப்டாப்பை முதுகில் சுமந்தால் நம் ஊர் வெயிலில் முதுகு முழுக்க ஈரம். வியர்வை என்று தம்பி சொன்னதில் பாதி அந்தப் பையால் வருவது. கேரியரில் பக்கவாட்டுப் பை மாட்டிவிடுங்கள்.

வால்வையும் பாருங்கள். மெல்லிசாக, நுனியில் குட்டித் திருகு வைத்த வால்வாக இருந்தால் ரோட்டோரப் பம்பு ஏறாது. பித்தளை அடாப்டர் ஒன்றைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பைக்கில் இருப்பதுபோல் தடித்த வால்வு என்றால் பெட்ரோல் பங்கிலேயே காற்று அடிக்கலாம். ஐயா சொன்ன டியூப் பிரச்சினை உண்மைதான். ஒரு ஸ்பேர் டியூபும் டயரை நெம்பிக் கழற்றும் இரண்டு லிவரும் சீட்டுக்கு அடியில் இருந்தால் தீர்ந்தது. வீட்டில் உட்கார்ந்து இரண்டு தடவை சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகுங்கள்.

இதற்கெல்லாம் காசு எடுத்துவைத்துவிட்டு வண்டியின் விலையைப் பாருங்கள். ரூ. 18,000, 19,000 வண்டி, மீதியில் மக்காடு, கேரியர், பை, முன் விளக்கு, பின் சிவப்பு விளக்கு, பூட்டு. பில்லையும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது.

பழைய பெடல்:
அந்தப் பட்டியலில் பாதி என் ரோட்ஸ்டரில் பிறவியிலேயே இருக்கிறது! நான் சொல்வது மாறவில்லை. ஹைபிரிட் வாங்கினாலும் பழைய டபுள் பாரை எடைக்குப் போட வேண்டாம். கொட்டும் மழையில் அதுதான் கைகொடுக்கும்.

பெடல்பிரியை:
வைத்துக்கொள்ளட்டும், பிரேக் கட்டையை மட்டும் புதிதாக மாற்றிவிட்டு. ஆனால் கொட்டும் மழையில் ஓஎம்ஆரில் எந்த சைக்கிளும் வேண்டாம் என்பேன். பள்ளத்தைத் தண்ணீர் மூடியிருக்கும். அன்றைக்குப் பஸ்ஸில் போவதே நல்லது.

நாவலூர்க்காரன்:
நன்றி. எம்டிபி வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. அலுவலகத்தில் சைக்கிள் நிற்கும் இடத்தில் பிளக் பாயிண்ட் இல்லை, அதனால் இ-சைக்கிளும் இல்லை. ஹைபிரிட்டில் மீடியம், லார்ஜ் என்று இரண்டு அளவு காட்டுகிறார்கள். என் உயரம் ஐந்தடி எட்டு. எதை எடுப்பது?

ரிப்பேர் கடை:
உயரத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, கால் நீளம் ஆளுக்கு ஆள் மாறும். செருப்போடு இல்லாமல் ஷூவோடு போங்கள். பாரின் இரண்டு பக்கமும் கால் போட்டு நிற்கும்போது தொடைக்கும் பாருக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். அப்புறம் சீட்டை ஐயா சொன்ன உயரத்துக்கு ஏற்றச் சொல்லி, ஹேண்டில்பாரைப் பிடியுங்கள். முழங்கை லேசாக மடங்க வேண்டும், எட்டிப் பிடிக்கிற மாதிரி இருக்கக் கூடாது. இரண்டு அளவும் ஒத்துவந்தால் சின்னதை எடுங்கள். கடைக்காரர் வாசலில் ஒரு சுற்று மட்டும் விட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அரைமணி நேரமாவது ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள்.