கெட்டிமேளத்துக்கு முன்னால் எங்கே நிற்பது?

மயிலாடுதுறையிலிருந்து:

கல்யாணப் போட்டோ எடுக்க ஆசை, கையில் காசு இல்லை, எங்கே தொடங்குவது என்று கேட்கிற தம்பிகள் நிறைய. நான் தொடங்கியது திருக்கடையூரில். அந்தக் கதையைச் சொல்கிறேன், அவரவர் கதையை நீங்களும் சொல்லுங்கள்.

அப்போது செல்போன் ரிப்பேர் கடையில் எனக்கு வேலை. சீட்டு எடுத்த பணத்தில் 18,000 ரூபாய்க்கு யாரோ வைத்திருந்த பழைய கேமரா பாடி ஒன்று வாங்கினேன். 18-55 லென்ஸ் அதோடு வந்தது. இரண்டு மாதம் கழித்து 5,500 ரூபாய்க்குப் பழைய 50 எம்.எம். 1.8 லென்ஸ் ஒன்று (1.8 என்பது லென்ஸ் எவ்வளவு திறக்கும் என்கிற எண், எண் குறையக் குறையத் திறப்பு பெரிது). கொல்லையில் நின்ற முருங்கை மரத்தையும் அக்கா பிள்ளைகளையும் எத்தனை நாள்தான் எடுப்பது? தெரியாத கல்யாணத்தில் போய் நின்றால் ஆர்டர் எடுத்தவர் முறைப்பார். சொந்தக்காரர் கல்யாணம் என்றால் பந்தியில் சாம்பார் வாளி தூக்கவே பொழுது சரியாகிவிடும்.

ஆடி பிறந்தது. மண்டபம் எல்லாம் பூட்டிக் கிடந்தது. திருக்கடையூரில் படம் எடுக்கிற ஒரு அண்ணன் போன் டிஸ்ப்ளே மாற்ற வந்தவர், பேச்சுவாக்கில் "எங்களுக்கு ஏதுப்பா ஆடி, மார்கழி?" என்றார். எனக்கு அது வரை உறைக்கவே இல்லை. அறுபதாம் கல்யாணத்துக்கு மற்றக் கல்யாணம் மாதிரி மாதம் பார்ப்பதில்லை. பிறந்த தமிழ் வருடம் அறுபது வருடச் சுற்று முடிந்து மறுபடி வரும்போது, பிறந்த மாதத்தில், பிறந்த நட்சத்திரத்தில் வைப்பார்கள். ஆடியில் பிறந்தவருக்கு ஆடியில்தான். அப்புறம் எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம். அமிர்தகடேசுவரர் கோவில் பிரகாரத்தில் காலையில் போய்ப் பாருங்கள், தூணுக்குத் தூண் ஒரு குடும்பம், ஆளுக்கொரு ஹோமம். ஒரே காலையில் நாலைந்து தாலி கட்டு பார்க்கலாம். வேறு எந்த ஊரில் கிடைக்கும் இப்படி ஒரு பள்ளிக்கூடம்?

"அண்ணே, சம்பளம் வேண்டாம். லைட் பிடிக்கிறேன், பை தூக்குகிறேன்" என்றேன். டீயும் பஸ் காசும் தருவதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: ஒரு மாதம் கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். உள்ளுக்குள் எரிச்சலாக இருந்தது. சீட்டுப் பணத்தைப் போட்டு வாங்கியதை வீட்டில் பூட்டிவிட்டு வா என்றால்?

அந்த மாதம் முழுக்க அவர் என்னைக் கேட்டது ஒரே கேள்வி. லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். திரும்பாமலேயே "அடுத்து என்னடா?" என்பார். ஹோமம் முடிகிற பூர்ணாஹுதி என்றால் ஐயர் பட்டுத் துணி சுற்றிய பொட்டலத்தைக் கையில் எடுத்துவிட்டாரா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கலசம் கிளம்புகிறது என்றால் யார் கையில் முதல் குடம் போகும் என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அன்றைக்கு டீ கிடையாது. இருபது நாளில் டீ தவறாமல் கிடைக்க ஆரம்பித்தது.

கலசாபிஷேகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தம்பதியை மணையில் உட்கார வைத்து, தலைக்கு மேலே சல்லடையைப் பிடித்து, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வரிசையாக வந்து குடத்து நீரை ஊற்றுவார்கள். நாலாவது குடத்தில் பெரியவருக்குக் குளிர் எடுக்கும். அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் படம். ஆனால் அந்த இடத்தில் தண்ணீர் கேமரா மேலேயும் தெறிக்கும், காலடியில் ஓடி லைட் வயரையும் நனைக்கும். எந்தப் பக்கம் தரை சரிவு, தண்ணீர் எங்கே ஓடும் என்று பார்த்து நிற்க வேண்டும். பிளாஸ்டிக் கவரில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு ரப்பர் பேண்டால் கட்டிக்கொள்வேன். செலவு இரண்டு ரூபாய். இன்றைக்கும் அதுதான்.

ஒரு மாதம் கழித்துக் கேமரா எடுத்துப் போனேன். பிரகாரத்து இருட்டில் 18-55 லென்ஸ் 55இல் 5.6க்கு மேல் திறக்காது. 1.8இல் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். அந்தக் குஷியில் எல்லாவற்றையும் 1.8இலேயே எடுத்தேன். ஐயர் கையை உயர்த்தினார், கெட்டிமேளம் முழங்கியது, பெரியவர் கை நடுங்க நடுங்கத் தாலியைக் கொண்டுபோனார், அட்சதை பறந்தது. பதினோரு படம். ராத்திரி கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் மாலையில் இருந்த சம்பங்கிப் பூ ஒவ்வொரு இதழாகத் தெரிகிறது. பெரியவர் முகம் கொஞ்சம் மங்கல். அம்மாள் முகம் சுத்தமாகப் புகை.

அண்ணன் திட்டவில்லை. "ரெண்டு பேரும் ஒரே தூரத்திலேயா உட்கார்ந்திருக்காங்க?" என்று மட்டும் கேட்டார். லென்ஸை அகலத் திறந்தால் ஒரு தூரத்தில் இருப்பது மட்டும்தான் தெளிவாக விழும். அதற்குப் பிறகு இரண்டு முகம் வேண்டிய இடத்தில் 4க்குக் கீழே நான் இறக்குவதில்லை. வெளிச்சத்தைக் கேமரா வாங்கும் திறனான ஐ.எஸ்.ஓ. 3200க்கு ஏறினால் ஏறட்டும், புள்ளி புள்ளியாக இருந்தாலும் முகம் தெரியும். கண் இருக்கும் இடத்தில் போகஸ் புள்ளியை நானே வைத்துக்கொள்கிறேன். கேமரா இஷ்டத்துக்கு விட்டால் அது பூவைத்தான் பிடிக்கும்.

காசை வீணடித்த கதையும் ஒன்று இருக்கிறது. மலிவாகக் கிடைத்தது என்று ஒரு மேனுவல் பிளாஷ் வாங்கினேன். மாட்டினால் அடிக்கவே இல்லை. பேட்டரி மாற்றினேன், துடைத்தேன், கடைக்காரரிடம் சண்டை போட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, என் பாடியில் பிளாஷ் மாட்டும் இடத்தில் நடுப்புள்ளி கிடையாது. விலை குறைந்த சில மாடல்களில் அதை எடுத்துவிட்டார்கள். ஒற்றைப் புள்ளி பிளாஷ் அதில் வேலை செய்யாது, அந்தந்தக் கம்பெனி கேமராவுக்கென்றே வருகிற பிளாஷ்தான் வேண்டும். பழைய பாடி வாங்கும்போது அந்த இடத்தைக் கண்ணால் பாருங்கள், நடுவில் வட்டமாக ஒரு உலோகப் புள்ளி இருக்கிறதா என்று.

மதுரையிலிருந்து:

மயிலாடுதுறை அண்ணன் சொன்னதில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். டீக்கும் பஸ் காசுக்கும் ஒரு மாதம் சரி, அதற்கு மேல் பெண் பிள்ளைகள் யாரும் போகாதீர்கள். "கத்துக்கத்தானே வந்த" என்று சொல்லியே இரண்டு சீசன் ஓட்டிவிடுவார்கள். எனக்கு ஓட்டினார்கள். யார் என்று சொல்லவில்லை.

நான் கற்றது மணமகள் அறையில். ஆண் போட்டோகிராபர் கதவைத் தட்டிவிட்டு வெளியே நிற்பார், நான் உள்ளே தரையில் உட்கார்ந்திருப்பேன். சடை பின்னுவது, அம்மா வந்து ஒட்டியாணத்தை இறுக்கிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வது, தோழிகள் இட்லியைப் பிட்டு லிப்ஸ்டிக் படாமல் ஊட்டுவது. இதற்கு ஜன்னல் ஓரமும் 50 லென்ஸும் போதும். ட்யூப் லைட்டை அணைக்கச் சொல்லுங்கள், பெண்ணை ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வையுங்கள். வாடகைக்கு எதுவும் எடுக்க வேண்டாம்.

ஆனால் ஒரு முறை அந்த ஏ.சி. அறையிலிருந்து நேராக மண்டபத்து வாசலுக்கு ஓடினேன், மாப்பிள்ளை அழைப்பு வந்துவிட்டது என்று. லென்ஸ் முழுக்கப் பனி பூத்துவிட்டது. முந்தானையால் துடைக்கத் துடைக்க மறுபடி பூக்கிறது. மாப்பிள்ளை காரை விட்டு இறங்கி, ஆரத்தி எடுத்து, உள்ளே போயே விட்டார். இப்போதெல்லாம் பத்து நிமிடம் முன்னாலேயே கேமராவைப் பையோடு வெளியே வைத்துவிடுகிறேன்.

அப்புறம் கார்டு. என் கேமராவில் ஒரு கார்டுதான் போடலாம். நலங்கு முடிந்த ராத்திரி, தூக்கக் கலக்கத்தில் அதையே பார்மேட் செய்துவிட்டேன். வயிற்றைக் கலக்கியது. யாரோ எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்து, அதற்கு மேல் ஒரு படம் கூட எடுக்காமல் கார்டைக் கழற்றிப் பேப்பரில் மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். வீட்டில் போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். கோப்புப் பெயர் எல்லாம் போய் வெறும் எண்ணாக, ஆனால் படங்கள் வந்துவிட்டன. மேலே புதிதாக எதையும் எடுத்திருந்தால் கிடைத்திருக்காது. 64 ஜி.பி. கார்டு ஒன்றுக்குப் பதில் 32 இரண்டு வாங்குங்கள் என்பேன். ரா கோப்பை, அதாவது கேமரா சுருக்காமல் அப்படியே தரும் படத்தை, திருத்த டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம். திருட்டு மென்பொருள் போட்டு வைரஸ் வாங்கி ஒரு கல்யாணத்தையே தொலைத்த தோழி எனக்கு இருக்கிறாள்.

ஈரோட்டிலிருந்து:

ஐயர் வைத்து நடக்கும் கல்யாணங்களில் இரண்டு வருடம் உதவியாளராக இருந்துவிட்டு, எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் எங்கள் பக்கத்துக் கவுண்டர் வீட்டுக் கல்யாணம் ஒன்றைத் தனியாக ஒப்புக்கொண்டேன். நான் டவுனிலேயே வளர்ந்தவன். ஹோமம் எப்போது வளர்ப்பார்கள் என்று லைட்டைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தேன். பின்னால் பார்த்தால் இணைச்சீர் நடந்துகொண்டிருக்கிறது. மாப்பிள்ளைக்கும் உடன்பிறந்தவளுக்குமான சீர், அந்த அக்காவுக்கு அதுதான் கல்யாணமே. மூன்று படம்தான் கிடைத்தது, அதில் ஒன்றில் யாருடைய முதுகோ. நடத்துகிறவர் அருமைக்காரர் என்பதும், மங்கல வாழ்த்துப் பாட்டு முடிகிற வரிக்குக் காது கொடுக்க வேண்டும் என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. ஆல்பம் கொடுக்கப் போனபோது அந்த அக்கா பக்கம் பக்கமாகத் திருப்பிவிட்டு, "என்னைய எடுக்கவே இல்லீங்களா?" என்றார். பணத்தில் பிடித்திருந்தால் கூட அவ்வளவு வலித்திருக்காது.

இப்போது அட்வான்ஸ் வாங்கும்போதே வீட்டில் பெரிய அம்மாள் யார் என்று கேட்டு, அவரிடம் பத்து நிமிடம் உட்காருவேன். சீர் எல்லாம் அவருக்குத்தான் தெரியும். மாப்பிள்ளையிடம் கேட்டால் "அதெல்லாம் அங்கே சொல்லுவாங்கண்ணா" என்பார்.

ரிசப்ஷன் பற்றி ஒன்று. மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. திரை வைத்தால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். ஷட்டர் வேகத்தை 1/100 விநாடிக்கோ 1/50 விநாடிக்கோ இறக்கிப் பாருங்கள், பெரும்பாலும் குறையும். மண்டபத்து விளக்குகள் நம் கரண்டுக்கு விநாடிக்கு 100 தரம் மின்னுபவை, அதற்கும் இதுவே நல்லது.

கும்பகோணத்திலிருந்து:

நான் பிலிம் ரோல் காலத்து ஆள். நிக்கான் எஃப்.எம். 2 கேமரா, ரோலுக்கு 36 படம். ஒரு கல்யாணத்துக்கு நாலு ரோல் என்று முதலாளி எண்ணிக் கொடுப்பார், மொத்தம் 144. இப்போது பிள்ளைகள் பெண் மேக்கப் போடும்போதே 300 எடுத்துவிடுகிறார்கள்.

தாலி கட்டு நேரத்தில் அந்த நாளில் எங்களுக்கு ஒரு கண்டம் உண்டு. பிளாஷ் ஒரு தரம் அடித்தால் மறுபடி ஏற நாலைந்து விநாடி ஆகும். அதற்குள் முடிச்சு முடிந்துவிடும். அதனால் மேளம் கேட்ட உடனே அடிக்கக் கூடாது. கை கழுத்துக்குப் பின்னால் போகும், பெண் தலையைக் குனிவாள், மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டுவிட்டு நாத்தனாரிடம் விடும்போது பெண் ஒரு கணம் நிமிர்வாள். அங்கே அடிக்க வேண்டும். முதல் முடிச்சில் அவசரப்பட்டவனுக்கு அந்த நிமிர்வு கிடைக்காது. நான் அவசரப்பட்டிருக்கிறேன்.

காசு இல்லாதவர்கள் ஆடியில் கேமரா வாங்குங்கள், தையில் வாங்காதீர்கள். முகூர்த்தம் இல்லாத மாதத்தில்தான் தொழிலை விடுகிறவர்கள் விற்பார்கள், வாடகையும் இறங்கும். இன்னொன்று, முதல் பந்தியில் சாப்பிட்டுவிடுங்கள். வெட்கப்பட்டால் மூன்றாம் பந்தியில் வெறும் ரசம்தான்.

பொறையாரிலிருந்து:

அண்ணே, நான் பிளஸ் டூ முடித்துவிட்டு இருக்கிறேன். மாமாவின் பழைய கேமரா ஒன்று இருக்கிறது, 18-55 மட்டும்தான். திருக்கடையூர் எனக்குப் பக்கம். லைட் பிடிக்க வரலாமா?

மயிலாடுதுறையிலிருந்து:

மதுரை அக்கா சொன்னது நியாயம். எனக்கு இரண்டாம் மாதத்திலிருந்து நாளைக்கு 400 ரூபாய் கொடுத்தார், அதைச் சொல்ல விட்டுவிட்டேன்.

பொறையார் தம்பி, வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கோவில் வாசலுக்கு வந்துவிடு. ஒரு அறுபதும் ஒரு எண்பதும் இருக்கிறது. டீ, பஸ் காசு என் பொறுப்பு, இரண்டாம் மாதத்திலிருந்து சம்பளம். மாற்றுச் சட்டை ஒன்று எடுத்து வா, நனைவாய். கேமராவை வீட்டில் வைத்துவிட்டு வா.