எல்லா ரிப்போர்ட்டும் நார்மல், ஆனால் மூச்சு வாங்குகிறது. அடுத்து எதைப் பார்ப்பது?

தென்றல்46:
அண்ணனுக்கு வயது 46. புகைப்பழக்கம் இல்லை. எட்டு மாதமாக மூச்சு வாங்குகிறது. இரண்டு மாடி ஏறினால் நடுவில் நின்றுதான் ஏற முடிகிறது. சில நாள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே "மூச்சு அடிவரைக்கும் போகலை" என்கிறார். எக்ஸ்ரே, ஈசிஜி நார்மல். எக்கோவில் ஈஎஃப் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 62%. ஸ்பைரோமெட்ரியில் (ஊதிப் பார்க்கும் மூச்சுச் சோதனை) எஃப்ஈவி1/எஃப்விசி (முதல் நொடியில் ஊதிய காற்றுக்கும் மொத்தமாக ஊதிய காற்றுக்கும் உள்ள விகிதம்) 0.81. உட்கார்ந்திருக்கையில் ஆக்ஸிஜன் 98. இரண்டு மாதமாக ஃபார்மோட்டெரால் (மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து) கலந்த இன்ஹேலர் எடுக்கிறார், பெரிய வித்தியாசம் இல்லை. கடைசியில் "டென்ஷன்தான்" என்று சொல்லிவிட்டார்கள். சிடி எடுக்கச் சொல்லிக் கேட்கலாமா? அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஏதும் விட்டுப்போயிருக்கிறதா?

நுரையீரல்_மருத்துவர்:
விட்டுப்போயிருக்கிறது. நீங்கள் சொன்ன பரிசோதனை அத்தனையும் அவர் ஓய்வாக இருக்கும்போது எடுத்தவை. படி ஏறும்போது வரும் தொல்லை, படுக்க வைத்து எடுத்த ஈசிஜியில் தெரியாமல் போவதில் ஆச்சரியமே இல்லை. எப்போது மூச்சு வாங்குகிறதோ அப்போது அளக்க வேண்டும்.

ஓய்வில் நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ இல்லையென்றால் வீட்டிலேயே தொடங்கலாம். கைப்பிடி இல்லாத நாற்காலி, விரலில் ஆக்ஸிமீட்டர். கையை ஊன்றாமல் ஒரு நிமிடம் எழுந்து எழுந்து உட்காரச் சொல்லுங்கள். எத்தனை முறை, ஆக்ஸிஜன் எவ்வளவு, நாடித்துடிப்பு எவ்வளவு என்று குறியுங்கள். முடித்ததும் கருவியைக் கழற்றிவிடாதீர்கள். விரலில் காட்டும் அளவு உடலில் நடப்பதைவிடச் சற்றுப் பின்தங்கியே வரும். மிகக் குறைந்த எண் பெரும்பாலும் உட்கார்ந்த பிறகுதான் தெரியும். இன்னும் ஒரு நிமிடமாவது பாருங்கள். விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ எண்ணை நம்ப முடியாது. தொடக்கத்தைவிட 4 புள்ளி இறங்கினால் அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய தகவல். 88-க்குக் கீழே போனால் உடனே நிறுத்துங்கள். மருத்துவமனையில் இதையே 30 மீட்டர் நடைபாதையில் ஆறு நிமிட நடைச் சோதனையாகச் செய்வார்கள்.

அடுத்தது ரத்தம். ஹீமோகுளோபின், தைராய்டு, கிரியாட்டினின், பைகார்பனேட், என்டி-ப்ரோபிஎன்பி (இதயத்துக்குச் சுமை கூடினால் ரத்தத்தில் உயரும் பொருள்). ஈஎஃப் 62% என்பது இதயம் நன்றாகச் சுருங்குகிறது என்று மட்டுமே சொல்லும். அது விரியச் சிரமப்பட்டாலும் மூச்சு வாங்கும். என்டி-ப்ரோபிஎன்பி 125-க்குக் கீழே இருந்தால் நாள்பட்ட இதயச் செயலிழப்புக்கான வாய்ப்பு குறைவு. ஆனால் உடல் பருமன் உள்ளவர்களிடம் இந்த எண் இயல்பாகவே தாழ்ந்திருக்கும், ஏமாந்துவிடக் கூடாது.

இவற்றுக்குப் பதில் எழுதுங்கள்: படுத்தால் கூடுகிறதா, குனிந்தால் கூடுகிறதா? மூச்சை உள்ளே இழுப்பது கஷ்டமா, வெளியே விடுவதா? இறுக்கம் தொண்டையிலா, நெஞ்சிலா? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? (ரத்தம் உறையாமல் தடுக்கும் டிகாக்ரெலார் தானாகவே மூச்சுத் திணறலைக் கொண்டுவரலாம். அமியோடரோன், நைட்ரோஃபுரான்டாயின், மெத்தோட்ரெக்ஸேட் நுரையீரலைப் பாதிக்கலாம்.) வீட்டில் புறா, கிளி, பூஞ்சை பிடித்த சுவர் உண்டா? முன்பு எப்போதாவது காலில் ரத்தம் உறைந்ததா?

ஓய்விலேயே பேச முடியாத திணறல், மயக்கம், நெஞ்சுவலி, ரத்தம் கலந்த சளி, திடீரென ஒரு கால் மட்டும் வீங்குவது, இதில் எது வந்தாலும் பதிலுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

பிஎஃப்டி_லேப்:
0.81 என்ற ஒரு எண்ணை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். சோதனைக்கு முன் இன்ஹேலரை நிறுத்தினாரா? சால்பியூட்டமால் (உடனே மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து) என்றால் குறைந்தது 4 முதல் 6 மணி நேரம், ஃபார்மோட்டெரால் என்றால் 24 மணி நேரம் இடைவெளி வேண்டும் (மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்). காலையில் பஃப் எடுத்துவிட்டு வந்து ஊதினால் ஆஸ்துமா இருந்தாலும் நார்மல் என்றே வரும். மருந்துக்கு முன், 400 மைக்ரோகிராம் சால்பியூட்டமாலுக்கு 15 நிமிடம் கழித்து என இரண்டு தடவையும் ஊதினாரா என்று பாருங்கள்.

இரண்டாவது, ஸ்பைரோமெட்ரி வரைபடத்தின் கீழ்ப்பாதி, அதாவது மூச்சை உள்ளே இழுக்கும் பகுதி. பலர் முழு மூச்சையும் ஊதி முடித்ததோடு களைத்து நின்றுவிடுவார்கள். ஊதிய பிறகு அதே வேகத்தில் ஒரே இழுப்பாக உள்ளே இழுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கீழ்ப்பாதியால் பயனில்லை. ஒழுங்காக இழுத்தும் அது திரும்பத் திரும்பத் தட்டையாக வந்தால், குரல்நாண் மூச்சை உள்ளே இழுக்கும்போது மூடிக்கொள்கிறதா என்று காது மூக்கு தொண்டை நிபுணர் பார்க்க வேண்டும், அதுவும் தொல்லை இருக்கும் நேரத்தில். தொல்லை இல்லாத நேரத்தில் குழாய் விட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம்.

படுத்தவுடனே திணறல் என்றால் எஃப்விசியை (மொத்தமாக ஊதும் காற்றின் அளவு) உட்கார வைத்தும் மல்லாக்கப் படுக்க வைத்தும் எடுக்கச் சொல்லுங்கள். படுக்கையில் கால் பங்குக்கு மேல் குறைந்தால் உதரவிதானத் தசையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

தென்றல்46:
இருவருக்கும் மிக்க நன்றி. இன்ஹேலர் நிறுத்தச் சொல்லவில்லை, அன்று காலையிலும் எடுத்தார். படுத்தால் கூடவில்லை. பறவை, பூஞ்சை இல்லை. தினசரி மாத்திரை எதுவும் இல்லை. ஆனால் போன வருடம் கணுக்கால் முறிந்து கட்டுப் போட்டிருந்தபோது கெண்டைக்காலில் ரத்தக்கட்டி வந்தது. மூன்று மாதம் மாத்திரை கொடுத்து நிறுத்திவிட்டார்கள். அது சரியாகிவிட்டது என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. நாற்காலிச் சோதனையில் 22 முறை; 98-லிருந்து 92-க்கு வந்து மெதுவாக ஏறியது.

நுரையீரல்_மருத்துவர்:
இந்த இரண்டு தகவலும் சேர்ந்தால் வரிசையே மாறுகிறது. காலில் உறைந்த ரத்தத்தில் ஒரு பகுதி நுரையீரலுக்குப் போய், கரையாமல் தழும்பாகி ரத்தக்குழாயை அடைத்திருக்கலாம். காற்று போகும் வழி நன்றாக இருப்பதால் ஸ்பைரோமெட்ரி நார்மலாகவே இருக்கும். எக்ஸ்ரேயும் அப்படித்தான். மாத்திரை நிறுத்திய பின் புதுக் கட்டி வந்திருக்கவும் வாய்ப்புண்டு. அதனால் இதைத் தள்ளிப்போட வேண்டாம், நாளைக்கே காட்டுங்கள்.

சாதாரண சிடி கேட்காதீர்கள். புதுக் கட்டியைத் தேட சிடி பல்மனரி ஆஞ்சியோகிராம். பழைய அடைப்பைத் தேட வி/க்யூ ஸ்கேன்: காற்று எங்கே போகிறது, ரத்தம் எங்கே போகிறது என்று தனித்தனியாகப் படமெடுத்து ஒப்பிடுவார்கள். காற்று போயும் ரத்தம் போகாத இடம்தான் அடைப்பு. பழைய அடைப்பை ஆஞ்சியோகிராம் தவறவிடுவதுண்டு. வி/க்யூ சுத்தமாக நார்மல் என்றால் இந்தச் சந்தேகத்தை அநேகமாகக் கைவிடலாம். எக்கோ ரிப்போர்ட்டையும் மறுபடி எடுத்து 'டிஆர் வெலாசிட்டி' (இதயத்தின் வலப்பக்க வால்வில் பின்னோக்கிக் கசியும் ரத்தத்தின் வேகம்) என்ற எண்ணைப் பாருங்கள். நொடிக்கு 2.8 மீட்டரைத் தாண்டியிருந்தால் நுரையீரல் ரத்த அழுத்தம் பற்றி யோசிக்க வேண்டும். எழுதப்படாமலே இருந்தால் அந்த அழுத்தம் மதிப்பிடப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதுவாகவே இருந்தாலும் பலருக்கு அறுவை சிகிச்சையில் அடைப்பை எடுத்துவிட முடியும். பயப்பட வேண்டாம், ஆனால் "டென்ஷன்" என்ற பதிலோடு திரும்பியும் வராதீர்கள்.

மூச்சுப்_பயிற்சி:
பிசியோதெரபி பக்கமிருந்து ஒன்று. "அடிவரைக்கும் போகலை", அடிக்கடி பெருமூச்சு, கொட்டாவி, விரல் மரத்துப்போவது: இவை மூச்சுவிடும் முறை மாறிப்போனதைக் காட்டலாம். நிஜமான நோயின் மேலேயே இதுவும் சேர்ந்து வரும். 'வேறெதுவும் இல்லை, அதனால் மனப்பதற்றம்' என்று மிச்சத்தில் தள்ளுவது சரியான முறை இல்லை. மூச்சுவிடும் முறைக் கோளாறைக் கண்டறிய நைமெகன் கேள்வித்தாள் என்று ஒன்று இருக்கிறது. 64-க்கு 23-க்கு மேல் வந்தால் பயிற்சி தேவையா என்று பார்ப்போம். ஆனால் அண்ணனுக்கு ஆக்ஸிஜன் இறங்குகிறது. மூச்சுவிடும் முறை மட்டும் மாறினால் அது நடக்காது. ஸ்கேன் முதலில், பயிற்சி பிறகு.

தென்றல்46:
நாளைக்கே போகிறோம். பிஎஃப்டி (நுரையீரல் செயல்திறன் சோதனை) மறுபடி எடுக்கும்போது கூடவே ஏதாவது சேர்க்கச் சொல்லணுமா?

பிஎஃப்டி_லேப்:
டிஎல்சிஓ (நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு நன்றாகக் கடக்கிறது என்று பார்க்கும் சோதனை) சேர்க்கச் சொல்லுங்கள். ஸ்பைரோமெட்ரி நார்மலாக இருந்து இது மட்டும் குறைந்தால் ரத்தக்குழாய் கோளாறு, ஆரம்பநிலை நுரையீரல் தழும்பு, ரத்தசோகை மூன்றையும் நினைக்க வேண்டும். ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள், அதை வைத்து எண்ணைத் திருத்தியாக வேண்டும். ஒரே இழுப்பில் முழுதாக இழுத்து 10 நொடி அடக்கணும். அடுத்த முயற்சிக்கு 4 நிமிட இடைவெளி விடுவார்கள், அவசரப்படுத்த வேண்டாம். ஆனால் அவசரப் பிரிவில் ஸ்கேன் எடுக்கச் சொன்னால் அதுதான் முதலில். பிஎஃப்டி ஒரு வாரம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.