பாதுகாப்புச் சான்றிதழ் வகுப்புக்கு முன் மூன்று வாரம்: நெட்வொர்க்கிங்கில் எதைச் சொல்லித் தருவது?

கேள்வி

வணக்கம். எத்திக்கல் ஹேக்கிங் சான்றிதழுக்கு மாணவர்களைத் தயார் செய்கிறேன். போன வாரம் ஒரு மாணவி, ஒரு கணினியில் எந்தப் போர்ட்டுகள் (சேவைகளுக்கான எண்ணிட்ட வாசல்கள்) திறந்திருக்கின்றன என்று பார்க்கும் என்மேப் கருவியை ஓட்டினாள். ஒரு போர்ட்டுக்கு 'குளோஸ்டு' என்றும் இன்னொன்றுக்கு 'ஃபில்டர்டு' என்றும் வந்தது. "இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டேன். வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கட்டளைகள் எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

அடுத்த குழுவுக்கு முதல் மூன்று வாரம் அடிப்படைக்கு என்று ஒதுக்கியிருக்கிறேன். நெட்வொர்க் வேலையைப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ ஏழு அடுக்கிலிருந்து தொடங்கவா? சப்நெட்டிங் (ஐபி முகவரிகளைச் சிறு வரம்புகளாகப் பிரிப்பது) அவ்வளவு அவசியமா? உழைக்கிற பிள்ளைகள், இப்படியே தேர்வுக்கு அனுப்ப மனம் வரவில்லை.

பதில் 1

ஏழு அடுக்கின் பெயர்களை முதல் நாளே ஒப்பிக்க வைக்காதீர்கள். நெட்வொர்க்கில் போகிற, வருகிற பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கை முதல் நாள் திறந்து வையுங்கள்.

நான் செய்வது இது. வெளி நெட்வொர்க்கோடு தொடர்பில்லாத இரண்டு வெர்ச்சுவல் மெஷின்கள். ஒன்றில் 80ஆம் போர்ட்டில் வெப் சர்வர் ஓடும். 81இல் எதுவும் ஓடாது. 82க்கு வரும் பாக்கெட்டை ஃபயர்வால் பதில் சொல்லாமல் கீழே போட்டுவிடும். இன்னொன்றிலிருந்து மூன்றுக்கும் சின் ஸ்கேன், அதாவது 'இணையலாமா?' என்று கேட்கும் சின் பாக்கெட்டை அனுப்பிப் பார்ப்பது. 80இலிருந்து சின்-ஆக் ('சரி') வரும், 81இலிருந்து ரீசெட் (மறுப்பு) வரும். 82க்கு சின் போகும், பதில் இல்லை, என்மேப் இன்னொரு முறை அனுப்பிப் பார்க்கும், அப்போதும் இல்லை. மறுப்பு வந்தால் குளோஸ்டு, அந்த மௌனம்தான் ஃபில்டர்டு; உங்கள் மாணவி பார்த்த வித்தியாசம் அதுதான். அதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள் பிறகு குழம்பி நான் கண்டதில்லை.

ஓர் ஐபி முகவரிக்கு உரிய வன்பொருள் முகவரியைக் கேட்டறியும் ஏஆர்பிக்கு இரண்டு முழு நாள் கொடுங்கள். "192.168.1.1 யாரிடம் இருக்கிறது?" என்று ஒரு மெஷின் எல்லோரிடமும் கேட்கிறது. யார் பதில் சொன்னாலும் நம்பிவிடுகிறது. 1982இல் எழுதிய நெறிமுறை அது, பதில் சொல்பவர் யார் என்று சரிபார்க்க அதில் வழியே இல்லை. இது புரிந்தபின் ஏஆர்பி ஸ்பூஃபிங்கை (பொய்ப் பதில் சொல்லி ஏமாற்றுவதை) மாணவர்களே யோசித்துச் சொல்வார்கள். என் வகுப்பில் எனக்கு மிகப் பிடித்த மணி நேரம் அது.

பதில் 2

சப்நெட்டிங் அவசியமா என்று கேட்டீர்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சோதனைக்கு எழுத்தில் கிடைத்த அனுமதி 10.20.30.64/26. அதாவது கடைசி எண் 64 முதல் 127 வரை உள்ள 64 முகவரிகள் மட்டும். நான் /24 என்று கொடுத்துவிட்டேன். 256 முகவரிகளுக்கும் ஸ்கேன் போனது. அவற்றில் எங்களுக்கு அனுமதியே இல்லாத இன்னொரு பிரிவின் மெஷின்களும் இருந்தன. நல்லவேளை, எதுவும் நின்றுபோகவில்லை. ஆனால் அன்று மாலை அந்தப் பிரிவிடம் போய் விளக்கம் சொன்னதை இன்றும் மறக்க முடியவில்லை.

அதனால் சப்நெட்டிங்கை வெறும் கணக்காக நடத்தாதீர்கள். ஓர் அனுமதிக் கடிதத்தைக் கொடுத்து, "எந்த மெஷினைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?" என்று கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அனுமதிக் கடிதம் எனக்குத் தோன்றவே இல்லை, முதல் வாரத்திலேயே வைத்துவிடுகிறேன். போர்ட் எண்களை மனப்பாடம் செய்யச் சொல்லலாமா?

பதில் 1

22, 53, 80, 443, 445, 3389. இந்த ஆறு போதும், மற்றவை பழக்கத்தில் வரும். 53இல் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள், அது பெயருக்கு ஐபி முகவரி தேடித் தரும் டிஎன்எஸ்ஸின் போர்ட். டிஎன்எஸ் என்றால் இணைப்பு ஏற்படுத்தாமல் அனுப்பும் யூடிபி மட்டும்தான் என்று நினைத்து, இணைப்பு ஏற்படுத்தி அனுப்பும் டிசிபியின் 53ஐ ஃபயர்வாலில் அடைத்துவிடுகிறார்கள். அப்புறம் பதில் பெரிதாகி டிசிபிக்கு மாறும்போது பெயர் கிடைக்காமல் தவிப்பார்கள். அதையும் லேபில் அடைத்தே காட்டுங்கள்.

ஓஎஸ்ஐயை இரண்டாம் வாரக் கடைசியில் எடுங்கள். அதற்குள் ஏஆர்பி, ஐபி, டிசிபி, டிஎன்எஸ் எல்லாம் பார்த்திருப்பார்கள். எது எந்த அடுக்கு என்று அவர்களையே பிரிக்கச் சொல்லுங்கள். ஏஆர்பி இரண்டா மூன்றா என்று சண்டை வரும், தடுக்காதீர்கள்.