பக்கத்து வீட்டில் செய்தால்தான் நாமும் செய்வோமா?

கேள்வி:
எங்கள் குடியிருப்பு நிலநடுக்க அபாயம் உள்ள இடத்தில் இருக்கிறது, அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் உயரமான அலமாரியைச் சுவரோடு சேர்த்துத் திருகி வைத்திருப்பது எங்கள் வீட்டில் மட்டும்தான். வந்த உறவினர்கள் "இதுக்கெல்லாமா பயப்படுவீங்க" என்று கேட்டதிலிருந்து, தண்ணீர் சேமித்து வைக்கலாம் என்றால் வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அடுத்த குடியிருப்போர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். என்ன பேசினால் எடுபடும்?

பதில் 1:
பயமுறுத்தாதீர்கள், அது நாலு நாளில் ஆறிப்போகும். பேரிடர்களை ஆய்வு செய்த சமூகவியலாளர் டென்னிஸ் மிலெட்டி திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்: அபாயம் எவ்வளவு பெரியது என்று விளக்குவதைவிட என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள், அதை மற்றவர்கள் செய்வதைக் கண்ணால் பார்க்க விடுங்கள். அலமாரித் திருகு வீட்டுக்குள்ளே இருப்பதால் யார் கண்ணிலும் படாது, அதனால் பத்து வீட்டில் செய்திருந்தாலும் யாருமே செய்யவில்லை என்றுதான் தோன்றும். கூட்டத்தை உங்கள் வீட்டிலேயே வைத்து அந்த அலமாரியைக் காட்டுங்கள். 2008இல் தெற்குக் கலிபோர்னியாவில் தொடங்கிய 'ஷேக்அவுட்' என்ற நிலநடுக்க ஒத்திகையில் எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்து, மேசைக்கடியில் புகுந்து, அதன் காலைப் பிடித்துக்கொள்வார்கள். ஊரே செய்யும்போது யாருக்கும் கூச்சம் இருக்காது.

பதில் 2:
ஒன்று சேர்க்கிறேன். 1995இல் ஜப்பானின் கோபே நகரில் வந்த நிலநடுக்கத்தில் இடிபாடுகளில் சிக்கி மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே எடுத்தது மீட்புப் படை இல்லை, குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான். "அதெல்லாம் அரசாங்கம் பார்த்துக்கும்" என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். எந்த வீட்டில் படுக்கையிலேயே இருக்கும் பெரியவர் இருக்கிறார், கடப்பாரை யாரிடம் இருக்கிறது, கேஸை எங்கே அடைப்பது, இதெல்லாம் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள், பள்ளியில் ஒத்திகை பார்த்துவிட்டு வந்து அவர்கள் கேட்கிற கேள்விக்கு அப்பா அம்மா மழுப்ப முடியாது.

பதில் 3:
வாடகைக்கு இருப்பவர்களையும் கொஞ்சம் யோசியுங்கள். சுவரில் துளை போட எங்கள் வீட்டு உரிமையாளர் சம்மதிக்கவில்லை, அப்புறம் நாலு குடும்பம் சேர்ந்து போய்க் கேட்டதும் சரி என்றார். அனுமதியே தேவைப்படாத வேலையும் நிறைய இருக்கிறது: கனமான சாமான்களைக் கீழ்த்தட்டுக்கு இறக்குவது, கட்டிலை ஜன்னலை விட்டுத் தள்ளிப் போடுவது, ராத்திரி கண்ணாடி உடைந்து கிடந்தால் மிதிக்காமல் நடக்க ஒரு ஜோடி செருப்பும் டார்ச்சும் கட்டிலுக்கடியில் வைப்பது. கூட்டத்தில் முதலில் இதைச் சொல்லுங்கள், அன்றைக்கு ராத்திரியே செய்துவிடுவார்கள்.