முதலில் ஆர்வமா, முதலில் உழைப்பா?

திசைதேடி:
புள்ளியியல் இளங்கலையில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்புக்குத் தவறாமல் போகிறேன், தேர்வுகளிலும் தேறிவிடுகிறேன். ஆனால் எதற்காகப் படிக்கிறாய் என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கணக்கில் நல்ல மதிப்பெண் வந்ததால் வீட்டில் இந்தப் படிப்பைச் சொன்னார்கள், மறுக்க எனக்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை. உடன் படிப்பவர்கள் மேற்படிப்பு, வேலை என்று தெளிவாகப் பேசும்போது வயிற்றைப் பிசைகிறது. மாலையில் புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டுக் கைப்பேசியைப் பார்த்தபடியே நேரம் போய்விடுகிறது. எனக்குப் பிடித்தது எது என்று கண்டுபிடித்த பிறகு உழைக்க வேண்டுமா, அல்லது பிடிக்கிறதோ இல்லையோ உழைக்கத் தொடங்கிவிட வேண்டுமா?

விரிவுரையாளர்:
தம்பி, தொடங்கிவிடுங்கள் என்பதே என் பதில். பிடித்ததைக் கண்டுபிடி என்ற அறிவுரை, ஆர்வம் எங்கோ முழுதாக உருவாகி நமக்காகக் காத்திருக்கிறது என்று நம்ப வைக்கிறது. அந்த நம்பிக்கையால் நேரும் கேட்டை, 2018-இல் பால் ஓகீஃப், கரோல் டுவெக், கிரகரி வால்டன் ஆகிய உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. கருந்துளைகளைப் பற்றிய சுவையான காணொளி ஒன்றைப் பார்த்து ஆர்வம் கொண்ட மாணவர்களிடம் அதே பொருளில் ஒரு கடினமான கட்டுரையைக் கொடுத்தபோது, ஆர்வம் பிறவியிலேயே அமைந்தது என்று எண்ணியவர்கள், அது வளர்க்கப்படுவது என்று எண்ணியவர்களைவிட அதிகமாக ஆர்வம் இழந்தார்கள். கடினம் வந்தவுடன் 'இது எனக்கானதில்லை' என்று விலகுபவருக்கு எந்தத் துறையும் நெடுநாள் பிடித்திருக்காது.

மாலை நேரம் கரைவதற்கும் வழி உண்டு. பீட்டர் கோல்விட்சரும் வெரோனிகா பிராண்ட்ஸ்டேட்டரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், விடுமுறையின்போது ஓர் அறிக்கை எழுதி அனுப்புமாறு மாணவர்களிடம் கேட்டார்கள். எந்த நேரத்தில், எந்த இடத்தில் எழுதுவோம் என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் உரிய காலத்தில் முடித்தார்கள். அப்படிக் குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே முடித்தார்கள். ஆகவே 'நன்றாகப் படிப்பேன்' என்று உறுதி எடுப்பதை விட்டுவிட்டு, 'வகுப்பு முடிந்ததும் நூலகத்தில் உட்கார்ந்து இன்றைய கணக்குகளைப் போடுவேன்' என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆலோசனை அறை:
ஐயா, உங்கள் அனுபவத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. இருந்தாலும் இந்த இடத்தில் உறுதியாக மறுக்கிறேன். கல்லூரி மாணவர்களுக்கு ஆலோசனை வழங்குவதே என் பணி. என்னிடம் வருபவர்களில் பலர் சோம்பேறிகள் அல்லர். நீங்கள் சொல்கிற ஒழுங்கோடு படித்து, நல்ல மதிப்பெண்ணும் வாங்கி, கடைசி செமஸ்டரில் வந்து 'இது யாருடைய வாழ்க்கை என்றே தெரியவில்லை' என்று அழுபவர்கள். 1966-இல் உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா கல்லூரி மாணவர்களை நேர்கண்டு, 'நான் யார், எந்த வழியில் போகிறேன்' என்பதில் அவர்கள் இருக்கும் அடையாள நிலைகளை நான்காகப் பிரித்தபோது, எதையும் தேடிப் பார்க்காமலேயே பெற்றோர் காட்டிய பாதையில் உறுதியாக நிற்பதைத் தனி நிலையாக வைத்தார். வெளியிலிருந்து பார்த்தால் அதில் தெளிவு தெரியும், ஆனால் அந்தத் தெளிவு சொந்தமாகத் தேடிப் பெற்றதன்று. நம் தம்பி பொறாமைப்படும் அந்தத் 'தெளிவான' நண்பர்களில் சிலர் இந்த நிலையில்கூட இருக்கலாம்.

நேரமும் இடமும் குறித்துக்கொள்ளும் உத்தி நல்லதுதான். அது ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட இலக்கை நோக்கி நடக்க உதவும், இலக்கையே தந்துவிடாது. உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயானும் வளர்த்தெடுத்த சுயநிர்ணயக் கோட்பாட்டின்படி, ஊக்கம் நிலைக்க மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும்: தானே தேர்ந்தெடுத்தோம் என்ற உணர்வு, தன்னால் முடிகிறது என்ற உணர்வு, பிறரோடு பிணைப்பு. நீங்கள் இரண்டாவதை மட்டும் பேசுகிறீர்கள். டெசி 1971-இல் வெளியிட்ட சோதனையில், புதிர்களைத் தாமாகவே விரும்பிப் போட்ட மாணவர்களுக்கு ஒரு கட்டத்தில் ஒவ்வொரு விடைக்கும் ஒரு டாலர் கொடுத்து, பிறகு நிறுத்தினார்கள். அதன் பின் ஓய்வு நேரத்தில் அவர்கள் புதிரைத் தொடுவது குறைந்தது. பரிசுக்காகவோ பயத்துக்காகவோ செய்யும் வேலையில் இருந்த விருப்பமும் போய்விடக்கூடும் என்பதைத்தான் நான் நாள்தோறும் பார்க்கிறேன்.

தம்பியிடம் ஒன்று கேட்கிறேன். யாரும் சொல்லாமலே நேரம் போவது தெரியாமல் செய்த வேலை ஏதாவது உண்டா? படிப்புக்கு வெளியே இருந்தாலும் சரி.

திசைதேடி:
படிப்புக்கு உள்ளேயே ஒன்று உண்டு. மரங்களின் அடிச்சுற்றளவையும் உயரத்தையும் கொடுத்து, அவற்றுக்கிடையே ஒரு நேர்கோடு பொருத்தச் சொன்னார்கள். கோட்டைப் பொருத்தினால் அசைன்மென்ட் முடிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு மரமும் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று வரைந்து பார்த்தேன். புள்ளிகள் கலைந்து கிடக்காமல் வில்போல வளைந்து நின்றன. இளமரங்களும் முதிர்ந்த மரங்களும் கோட்டுக்குக் கீழே, நடுத்தர மரங்கள் மேலே. பருத்த மரம் அதே வேகத்தில் உயர்வதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. சுற்றளவுக்கு மடக்கை எடுத்துப் போட்டதும் வளைவு மறைந்தது. அன்று கைப்பேசி எங்கிருந்தது என்றே நினைவில்லை. ஆனால் அதற்குத் தனி மதிப்பெண் இல்லை, யாரும் அதைப் பார்க்கவும் இல்லை.

விரிவுரையாளர்:
இதைத்தான் சொன்னேன்! கோட்டைப் பொருத்தும் அளவுக்கு நீங்கள் முதலில் உழைத்திருக்காவிட்டால் அந்த வளைவு உங்கள் கண்ணில் பட்டிருக்காது. அந்த வியப்புக்கு விலை, அதற்கு முன் பிடிக்காமல் படித்த வாரங்கள்.

ஆலோசனை அறை:
எனக்கு அது வேறு மாதிரி தெரிகிறது. கொடுத்த வேலையைச் செய்தபோது அவருக்கு ஒன்றும் நேரவில்லை. யாரும் கேட்காத கேள்வியைத் தாமாகக் கேட்டபோதுதான் நேர்ந்தது. பிடிக்காமல் படித்த வாரங்கள் கருவியைத் தந்தன என்பதை ஏற்கிறேன், அந்தக் கருவியை எங்கே திருப்புவது என்ற முடிவு அவருடையதாக இருந்தது. மேலும், யாரும் பார்க்கவில்லை என்று அவர் எழுதியதைத் தாங்கள் கடந்து போய்விட்டீர்கள். அதுவே என்னை மிகவும் வருத்துகிறது.

இறுதியாண்டு மாணவி:
நீங்கள் இருவரும் அவகாசம் உள்ளவர்களுக்காகப் பேசுகிறீர்கள். கல்விக் கடனோடு படிப்பவர்களுக்குத் தேடிப் பார்க்க ஆண்டுகள் கிடைப்பதில்லை. சம்பாதிப்பதற்காகப் படிப்பதும் ஒரு நோக்கம்தான். என் தங்கையின் படிப்புச் செலவை ஏற்பேன் என்று நானே முடிவெடுத்தேன், அதை வெளியிலிருந்து வந்த நெருக்கடி என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ஆலோசனை அறை:
சரியாகச் சொன்னீர்கள், அம்மா. மனமார ஏற்றுக்கொண்ட பொறுப்பும் சொந்தத் தேர்வுதான். டெசியும் ரயானும் இதை மறுக்கவில்லை.

எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் பசியும் மாறி, இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் அப்படியே போனால், அது திசை தெரியாத குழப்பமாக மட்டும் இருக்காது, மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம். அப்போது கால அட்டவணை போட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

விரிவுரையாளர்:
யாரும் பார்க்கவில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும் என்பது நியாயம். தம்பி, அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பாடம் நடத்தியவரிடம் போங்கள். மதிப்பெண் கேட்கப் போகவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு, அடுத்து என்ன பார்க்கலாம் என்று கேளுங்கள். ஆசிரியர்களுக்கு இப்படி ஒரு மாணவர் வந்து நிற்பது எத்தனை அரிது என்பது உங்களுக்குத் தெரியாது. ஆனாலும் நூலக நேரத்தை நான் விட்டுத்தர மாட்டேன்.

திசைதேடி:
நாளை போய்ப் பார்க்கிறேன், நூலக நேரத்தையும் குறித்துக்கொண்டேன். அடுத்த செமஸ்டரின் விருப்பப் பாடத்துக்கு வீட்டில் நிதிப் புள்ளியியல் எடுக்கச் சொல்கிறார்கள். எனக்கு உயிர்களைப் பற்றிய தரவுகளை ஆராயும் உயிர்ப்புள்ளியியல் மேல் மனம் போகிறது. எடுத்துவிட்டுப் பிறகு வீட்டில் சொல்லலாமா?

விரிவுரையாளர்:
எடுத்துவிடுங்கள். நல்ல மதிப்பெண் வந்த பிறகு சொன்னால் வாதமே எழாது.

ஆலோசனை அறை:
வேண்டாம் தம்பி, இப்போதே சொல்லுங்கள். மதிப்பெண் வரும்வரை மறைத்து வைத்தால் அந்தப் பாடமும் வீட்டுக்கு நிரூபித்துக் காட்ட வேண்டிய ஒன்றாகிவிடும், முதல் தேர்வில் சறுக்கினால்கூடப் பயத்தோடு படிப்பீர்கள். முடிவு இன்னும் உறுதியாக வேண்டும் என்பதில்லை. மரங்களை வைத்து என்ன செய்தீர்கள் என்று காட்டி, இதில் இன்னும் பார்க்க விரும்புகிறேன் என்ற அளவுக்குச் சொன்னால் போதும்.