ஜேட் வளையலில் கோடு: கல்லோடு பிறந்ததா, பிறகு விழுந்ததா?

மூன்று கடற்கரை ஊர்களில் கல் பார்ப்பவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டது இது. தலைப்பில் இருப்பது எழுதியவரின் ஊர்.

கீழக்கரை

பர்மா ஜேடைட் (ஜேட் என்று அழைக்கும் இரண்டு கற்களில் ஒன்று) வளையல் ஒன்று மேசைக்கு வந்தது. உள்பக்கம் அரை அங்குல நீளத்துக்கு மங்கிய வெள்ளைக் கோடு. உடைந்துவிட்டது என்றே கொண்டுவந்தவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். உடையவில்லை. மண்ணுக்குள் இருந்தபோதே பிளந்து, பிறகு தாதுவே வளர்ந்து அடைத்துக்கொண்ட நரம்பு அது.

முதலில் இளஞ்சூட்டு நீரில் இரண்டு சொட்டு சோப்பு விட்டு, பத்து நிமிடம் ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, முழுக்க உலர விடுங்கள். பூசிய எண்ணெய் இருக்கும்வரை வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. பிறகு நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கே இழுங்கள். நரம்பில் வழுக்கிப் போகும், வெடிப்பில் தட்டும். உள்ளேயே நிற்கும் வெடிப்பு நகத்துக்கு அகப்படாது. அதற்கு டார்ச் வேண்டும். இருட்டறையில் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிவைத்து மெல்லத் திருப்புங்கள். நரம்பைத் தாண்டியும் வெளிச்சம் பஞ்சுபோல் பரவும். வெடிப்பு என்றால் கோட்டுக்கு அந்தப்புறம் சட்டென்று இருண்டுவிடும். சாய்க்கையில் ஏதோ ஒரு கோணத்தில் கண்ணாடிச் சில்லாக மின்னும்.

தொண்டி

கீழக்கரைக் காக்கா (அண்ணா), நகம் தட்டினாலே வெடிப்பு என்று எழுதிவிடக் கூடாது. ஜேடைட்டின் மணிகள் (கல்லாகச் சேர்ந்திருக்கும் நுண்ணிய படிகங்கள்) எல்லாத் திசையிலும் ஒரே கடினம் இல்லை. பாலிஷ் போடும்போது மென்மையான இடம் கூடுதலாகத் தேய்ந்து, ஆரஞ்சுத் தோல்போல் குழி விழும். அது இயல்பு. 10 மடங்கு லென்ஸில் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள்: குழிகள் விளிம்பு மழுங்கி, தனித்தனியாக இருக்கும். அதுவே ஒன்றோடொன்று சேர்ந்து சிலந்தி வலையாக ஓடினால், அமிலத்தில் ஊறவைத்துப் பிசின் ஏற்றிய கல். பச்சை நிறம் அந்த வலையின் கோடுகளில் மட்டும் திரண்டு நின்றால் சாயமும் ஏற்றியிருக்கிறார்கள்.

நூலில் தொங்கவிட்டுத் தட்டி ஓசை பார்ப்பதை நான் கடைசியில்தான் வைப்பேன். பிசின் ஏற்றிய வளையலும் மந்தமாக ஒலிக்கும், பிசின் ஏற்றாமல் வெடித்த வளையலும் மந்தமாகத்தான் ஒலிக்கும்.

கரும்புள்ளியைப் பலர் குறை என்று கழிக்கிறார்கள். ஜேடைட்டில் அது பல சமயம் குரோமைட் என்ற கருந்தாது. அதைச் சுற்றி அடர்பச்சை வளையம் இருந்தால், அந்தப் பச்சைக்கு நிறம் கொடுத்த குரோமியமே அங்கிருந்து வந்ததுதான்.

ஏர்வாடி

வளையலில் கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சுற்றோடு நீளமாக ஓடும் வெடிப்பு ஓரளவு தாங்கும். குறுக்கே, உள்ளிருந்து வெளிவரை அறுத்துப் போவது ஒரு தட்டில் இரண்டாகிவிடும். அதைப் போட வேண்டாம் என்றே சொல்லி அனுப்புங்கள்.

இன்னொன்று, நம் கடற்கரைக்கு முக்கியம். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற தாதுவின் கடினம், 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவில், 7. ஜேடைட் 6.5 முதல் 7 வரை, ஜேட் எனப்படும் மற்ற கல்லான நெஃப்ரைட் 6 முதல் 6.5 வரைதான். மணல் ஒட்டிய வளையலை முந்தானையால் உலர்த் துடைப்பாகத் துடைத்தால் மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் விழும். கல்லுக்குள் இருக்கும் கோடு மணிகளின் ஓரமாக வளைந்து போகும்; மணல் கீறலோ மேலே மட்டும், மணிகளை வெட்டிக்கொண்டு நேராகப் போகும். டார்ச்சை உள்ளே அடித்தால் தெரியாது, பக்கவாட்டில் அடித்தால் தெரியும். முதலில் நல்ல தண்ணீரில் அலசி மணலை ஓடவிட்டு, பிறகுதான் துணி.